நிமிடத்துக்கு 8 சொட்டு

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர் காலையில் ஹீட்டர் இல்லாமல் இங்கே கார் எடுக்க முடியாது, முன்கண்ணாடி வெளுத்துவிடும். போன டிசம்பரில் ஹீட்டரைப் போட்டதும் பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை. கண்ணாடியில் படிந்தது வெறும் ஆவியாக இருந்தால் துடைத்த இடம் தெளிந்திருக்கும். இது துடைக்கத் துடைக்கப் பிசுபிசுவென்று பரவியது. கூலன்ட்தான்.

முதலில் காட்டிய பட்டறையில் முகர்ந்து பார்த்துவிட்டு, வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஹோஸ்கள் எல்லாம் மாற்ற 14,500 ரூபாய் என்றார்கள். அளக்காமல் சொன்ன தொகைக்கு நான் தலையாட்டவில்லை.

செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. காருக்குள் வரும் வெளிக்காற்று முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சல்லடை வழியாக நுழைகிறது. எஞ்சின் பக்கம் ஒழுகினால் வாசனையும் அந்த வழியாகத்தான் வரும். உள்காற்றே சுழலும்படி பொத்தானை அழுத்தினேன். வாசனை குறையவில்லை, கூடியது. ஒழுக்கு டேஷ்போர்டுக்குள்ளே.

எவ்வளவு ஒழுகுகிறது? என் காரில் கூலன்ட் 4 லிட்டர். சூடேறினால் அது 150 மி.லி.க்கு மேல் விரியும். அதனால் எஞ்சின் ஆறியிருக்கும் காலை 7 மணிக்கு மட்டும் பார்த்தேன். கூலன்ட் டப்பாவில் ஒட்டிய டேப் வரைக்கும் மருந்துக் குவளையால் அளந்து நிரப்பினேன். 10 நாளில் ஊற்றியது 250 மி.லி.; நாளுக்கு 25. மி.லி.க்கு 20 சொட்டு என்று வைத்தால் 500 சொட்டு. தினமும் 1 மணி நேரம்தான் ஓட்டம், ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 சொட்டு. காருக்கு அடியில் ஈரம் தெரியாததில் வியப்பில்லை; பாதி ஆவியாகிவிட, மீதியை இடப்பக்கக் கார்ப்பெட் குடித்திருந்தது. ஆனால் இதே வேகத்தில் ஆண்டுக்கு 9 லிட்டர், முழுக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இரண்டாவது மெக்கானிக், "சார், பிரஷர் ஏத்திப் பாத்துடலாம்" என்றார். 15 பி.எஸ்.ஐ. ஏற்றினார், 20 நிமிடத்தில் 11. ஹீட்டருக்குப் போகும் 2 ஹோஸ்களையும் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு மறுபடி 15 ஏற்றினார். முள் அசையவே இல்லை. பம்ப், ரேடியேட்டர் மீது இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது. ஒழுகுவது ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் சூடான கூலன்ட் ஓடிக் காற்றைச் சூடாக்கும் பகுதி.

சோதனைக்கு 300, ஹீட்டர் கோர் 2,600, கூலன்ட் 4 லிட்டர் 1,400, டேஷ்போர்டைக் கழற்றி மாட்டக் கூலி 5,500. மொத்தம் 9,800 ரூபாய், 7 மணி நேர வேலை. பாதிக்கு மேல் கூலி, ஹீட்டர் கோர் கால்வாசிதான். அதனால்தான் கழற்றுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறேன். ஒழுக்கை அடைக்கும் பொடி போடச் சொன்னவர்களும் உண்டு. ஹீட்டர் கோரின் குழாய்கள் மிகக் குறுகியவை. ஒழுக்கோடு அவையும் அடைபடலாம் என்பதால் வேண்டாம் என்றேன்.

சமவெளியில் ஹீட்டரையே தொடாதவர்களுக்கும் இது பொருந்தும். பல கார்களில் குமிழ் குளிர்ச்சியில் இருந்தாலும் ஹீட்டர் கோருக்குள் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வடித்த பழைய கூலன்ட் 4 லிட்டரில் பாதி எத்திலீன் கிளைக்கால். இனிப்பானது, சுமார் 100 மி.லி. ஒரு பெரிய மனிதரையே கொன்றுவிடும், நாய்க்கு அதைவிடக் குறைவே போதும். பட்டறை வாசலில் 3 நாய்கள் படுத்திருந்தன. தட்டில் இருந்ததை மூடியுள்ள கேனில் ஊற்றி, தரையில் சிந்தியதைத் தண்ணீர்விட்டு அலசித் துடைத்த பிறகுதான் கிளம்பினேன்.