மார்கழி ஏன் குறுகிய மாதம்?

கோளின் பாதை வட்டம் அன்று, நீள்வட்டம் என்பதையும், சூரியன் அதன் மையத்தில் இல்லாமல் குவியம் எனப்படும், மையத்தினின்று விலகிய ஒரு புள்ளியில் அமைந்திருக்கிறது என்பதையும் செவ்வாயின் இயக்கத்தை ஆராய்ந்த கெப்ளர், 1609ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆகவே எந்தக் கோளுக்கும் சூரியனை மிக நெருங்கும் இடம் ஒன்றும் மிக விலகும் இடம் ஒன்றும் உண்டு; முன்னதை அண்மைநிலை என்றும் பின்னதைச் சேய்மைநிலை என்றும் வானியலார் வழங்குவர்.

பூமி ஜனவரி முதல் வாரத்தில் ஏறத்தாழ 14.71 கோடி கி.மீ. தொலைவுக்கு நெருங்கி, ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி கி.மீ. தொலைவுக்கு விலகுகிறது. அப்படியானால் மார்கழிக் குளிர் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். 50 லட்சம் கி.மீ. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் மொத்தத் தொலைவில் அது மூன்று விழுக்காட்டுக்குச் சற்றே மிகுதி. அதனால் பூமிக்கு வந்துசேரும் சூரிய ஒளி 7 விழுக்காடு அளவுக்கே கூடிக் குறைகிறது. பருவங்களை ஆள்வது பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதே. அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை நிலவுவது இதற்குப் போதிய சான்று. பாடநூல்களில் மிகைப்படுத்தி வரையப்படும் நீள்வட்டமும் இக்குழப்பத்துக்கு ஓரளவு காரணம் எனலாம். அளவு பிசகாமல் வரைந்தால் பூமியின் பாதை கண்ணுக்கு வட்டமாகவே தோன்றும்.

வெப்பத்தில் மறைந்துபோகும் இவ்வேறுபாடு காலக்கணக்கில் மறையவில்லை. சூரியனை நெருங்குகையில் அதன் ஈர்ப்பால் கோள் விரைவதும், விலகுகையில் தளர்வதும் இயல்பாதலின், பூமி அண்மைநிலையில் நொடிக்கு 30.3 கி.மீ. வேகத்திலும் சேய்மைநிலையில் 29.3 கி.மீ. வேகத்திலும் செல்கிறது. தமிழ் மாதம் என்பது சூரியன் ஓர் இராசியை, அதாவது வானில் 30 பாகையை, கடப்பதாகத் தோன்றும் காலம். பூமி விரையும்போது அக்கடப்பு சீக்கிரம் முடிந்துவிடுவதால் மார்கழிக்கு 29 அல்லது 30 நாள்களே கிடைக்கின்றன. சேய்மைநிலை விழும் ஆனியோ 31 அல்லது 32 நாள் நீள்கிறது.

ஹாலி வால்விண்மீனின் பாதையில் இதே விதி உச்சத்தைத் தொடுகிறது. 1986 பிப்ரவரியில் நொடிக்கு 54 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றித் திரும்பிய அது, 2023 டிசம்பரில் நெப்டியூனின் பாதைக்கும் அப்பால் நொடிக்கு ஒரு கி.மீ.க்கும் குறைவான வேகத்தில் ஊர்ந்தது. 2061இல் மீண்டும் சூரியனை நெருங்கும்.

அண்மைநிலையும் நிலையானதன்று. பிற கோள்களின் ஈர்ப்பால் அது விண்மீன்களிடையே மெல்ல நகர்ந்து, ஒரு சுற்றை முடிக்க ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பருவங்களை ஒட்டி அமைந்த ஆங்கில நாட்காட்டியில், அச்சின் தள்ளாட்டமும் சேர்வதால், அது ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்கு ஒரு நாள் பின்தள்ளிப்போகிறது. தமிழ் மாதங்களோ விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், இன்னும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு மார்கழியே குறுகிய மாதமாக இருக்கும்.