காது அச்சு: கண்ணுக்கு எட்டாத ஓர் அங்குலம்

இயர்போன் காதில் நில்லாமல் நழுவி விழுகிறது என்னும் குறையை எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வருவோர் பலரும் கூறுகின்றனர். பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் வரும் கல்லூரி மாணவரும், முக்கூடல் பகுதியில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியவாறே கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் பெண்களும் இவர்களுள் உண்டு. சிலிக்கோன் பசையை வாங்கி, தம் காதுக்கேற்ற அச்சை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா எனச் சிலர் வினவுகின்றனர்.

இவ்விருப்பத்தை நாங்கள் குறை கூறவில்லை. காதில் நன்கு பொருந்தும் அச்சு வெளியிரைச்சலைத் தடுக்கிறது; அதனால் குறைந்த ஒலியிலேயே பாட்டுத் தெளிவாகக் கேட்கும். பொருந்தாத இயர்போனை அணிந்தவரோ பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுகிறார். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆயின் 4 மணி நேரமே பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மிகை ஒலியால் உட்செவியில் அழியும் நுண்ணிய முடிச்செல்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை.

வீட்டு முறை பார்ப்பதற்கு எளியது. இரு நிறப் பசைகளைச் சம அளவில் எடுத்து, பூரி மாவைப் போலப் பிசைந்து, காதில் வைத்து, சில நிமிடம் அசையாதிருந்தால் அது இறுகிவிடும். ஆனால், பசை எங்கே சென்று நிற்கிறது என்பதை அணிபவர் தம் கண்ணால் காண இயலாது. இடர் முழுவதும் அங்கேதான் உள்ளது.

பெரியவர்களின் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குல நீளம் உடையது. அது நேரான குழாய் அன்று, வளைந்து செல்வது. அதன் உட்பகுதியில் எலும்பின்மேல் மிக மெல்லிய தோலே போர்த்தியுள்ளது. சிறு உராய்வும் அங்குப் புண்ணாகும். முடிவில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள செவிப்பறை இருக்கிறது. சிறு வயதில் காதில் சீழ் வடிந்தவர் சிலருக்கு அப்பறையில் ஓட்டை இருப்பதுண்டு. வலி இல்லாமையால் அவர்களே அதனை அறியார். இறுகாத பசை அவ்வழியே நடுச்செவிக்குள் புகுந்து, அங்குள்ள சிற்றெலும்புகளைச் சுற்றி இறுகினால், அறுவை சிகிச்சை செய்தே அதனை அகற்ற வேண்டியிருக்கும். கேட்கும் திறனும் குறையக்கூடும்.

ஆதலால் மருத்துவமனையில் அச்செடுக்கும் முன், ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் வல்லுநர் விளக்குக் கருவியால் காதினுள் நோக்குகிறார். குரும்பி இருந்தால் அதனை அகற்றிய பின்னரே பணி தொடரும். பின்பு, நூல் கட்டிய சிறு பஞ்சுத் தடுப்பை இரண்டாம் வளைவுக்கு அப்பால் வைக்கிறார். பசை அதனைக் கடந்து செல்லாது. இறுகியபின் செவிமடலை மெல்ல அசைத்துக் காற்றை உள்ளே விட்டு, அச்சை வெளியே எடுக்கிறார். காதினுள் மீண்டும் நோக்கிய பின்னரே பணி நிறைவுறும்.

செவிக்கருவி அணியும் குழந்தைகளின் பெற்றோர்க்கும் இது பொருந்தும். குழந்தை வளர வளரக் காதும் வளர்கிறது. அச்சு தளர்ந்து கருவி சீழ்க்கை ஒலி எழுப்புகிறது. அப்போது நூல் சுற்றியோ பசை பூசியோ ஒட்டுப்போடுதல் தகாது. புதிய அச்சுக்கு அளவெடுக்க வேண்டும் என்பதற்கு அவ்வொலியே அறிகுறி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதோர்க்கான பள்ளியைத் தொடங்கிய ஊர் நம் பாளையங்கோட்டை. இம்மண்ணில் ஒரு குழந்தையும் தளர்ந்த அச்சினால் பாடத்தை இழத்தல் ஆகாது.

அச்சுச் செய்ய விரும்புவோர் பின்வருவனவற்றை மனத்திற் கொள்க.

காதில் சீழ், வலி, இரைச்சல் உள்ளவரும், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் வீட்டில் அச்செடுத்தல் கூடவே கூடாது. நீரிழிவு உடையோர்க்குச் செவிக்குழலில் தோன்றும் சிறு புண்ணும் எலும்புவரை பரவும் கொடிய தொற்றாகலாம்; அவர்களுக்கும் இத்தடை பொருந்தும். குழந்தைகளின் காதில் பெற்றோர் இதனை முயலுதல் வேண்டா.

கட்டடப் பணிக்கும் குழாய் அடைப்புக்கும் விற்கப்படும் சிலிக்கோன் காதுக்கு உரியதன்று. அவற்றுள் புளித்த காடி நெடி வீசும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது.

பசை உள்ளே சிக்கினால் ஊக்கு, கொண்டை ஊசி கொண்டு கிண்டாதீர்கள், எண்ணெயும் ஊற்றாதீர்கள். சிலிக்கோன் எண்ணெயில் கரையாது. வலி, குருதி, தலைச்சுற்றல், காதடைப்பு இருப்பின் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

தாமிரபரணியிலோ குற்றால அருவியிலோ நீராடிய ஈரத்துடன் அச்சை அணியாதீர்கள்; அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை வளரும். வண்டி ஓட்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் கழற்றிவிடுங்கள். நன்கு பொருந்திய அச்சு, பின்னால் வரும் பேருந்தின் ஒலியையும் தடுத்துவிடும்.

அச்சு வேண்டுவோர் முதலில் காதைக் காட்டிச் செல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு எட்டாத அந்த ஓர் அங்குலத்தை எங்கள் விளக்கு சில நிமிடங்களில் காட்டிவிடும்.