மீன் குளத்துக்கு மின்சாரம் எந்த நேரத்தில் தேவை?

தீவகத்தில் இறால், மீன் குளம் வெட்டலாமா என்று நம்மவர்கள் சிலர் விசாரிக்கிறார்கள். குஞ்சு விலை, தீவன விலை எல்லாம் விரல் நுனியில் இருக்கும். காற்றூட்டி இயந்திரத்தின் மின்கட்டணம் மட்டும் கடைசி வரியில் குத்துமதிப்பாக எழுதப்பட்டிருக்கும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகும் இப்படிக் கணக்குப் போடலாமா?

1990க்குப் பின் புத்தளத்தில் வாழ்ந்த நமக்கு இறால் குளத்துத் துடுப்புச் சக்கரம் புதிதல்ல. ஒரு குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கும். நான்கு சக்கரங்கள் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 96 அலகு.

ஆனால் அவை இரவு பகலாக ஓடத் தேவையில்லை. பகலில் குளத்துப் பாசியே ஒட்சிசன் தருகிறது. 30 பாகை வெப்பத்தில் கடல்நீர் லீட்டருக்குச் சுமார் 6.2 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கரைத்து வைக்கும். ஏற்கனவே 5 இருந்தால் சக்கரம் தன் திறனில் ஐந்திலொரு பங்கைத்தான் ஏற்றும். 3 ஆக இறங்கியிருந்தால் பாதியை ஏற்றும். பிற்பகலில் அளவுக்கு மிஞ்சி இருக்கும்போது ஓடவிட்டால், இருப்பதையும் வெளியே தள்ளிவிடும். காசு கொடுத்துச் செய்யும் இஸ்ராப் இது.

ஒட்சிசன் குறைவது நள்ளிரவுக்குப் பின்னர். மிக மோசமான நேரம் சுபஹுக்கு முன்னர். ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஒட்சிசன் அளக்கும் மீட்டர். மந்தாரமான நாளிலும், அடியில் நீர் தேங்கும் குளத்திலும் பகலில் ஒரு சக்கரமாவது ஓடத்தான் வேண்டும். கட்டணத்துக்குப் பயந்து இரவில் நிறுத்தியவர் விடியலில் செத்து மிதப்பதை அள்ள வேண்டியதுதான். சோழகக் காற்று வீசும் மாதங்களில் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

இயந்திரத்திலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவின் ஓபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோட் பொய்ட் தந்த கணக்கில், சுத்தமான நீரில் துடுப்புச் சக்கரம் ஓர் அலகுக்குச் சராசரி 2.2 கிலோ ஒட்சிசன் ஏற்றுகிறது. குமிழி விடும் இயந்திரம் 0.9 கிலோதான். குமிழி இயந்திரம் மலிவு என்று ஓடுபவர்கள் இதையும் பார்க்கட்டும். கரையிலிருந்து மோட்டருக்கு மெல்லிய கேபிள் இழுத்தாலும் நட்டம்தான். கம்பியும் மோட்டரும் சூடாவதற்கு நாம் பணம் கட்டுவோம்.

இனி சோலார். பிரதான மின்வலையமைப்போடு இணைந்த ஊர்காவற்றுறையில் பகல் மின்சாரத்தை விற்று இரவுக் கட்டணத்தைச் சரிக்கட்ட வழியுண்டு. கடலுக்கு அப்பாலுள்ள நெடுந்தீவும் நயினாதீவும் டீசல் ஜெனரேட்டரை நம்பியே மின்சாரம் கண்டவை. அவற்றுக்கும் அனலைதீவுக்குமாக இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடைத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. திட்டப்படி சோலார் 1,700 கிலோவாட், காற்றாலை 530, பற்றரிச் சேமிப்பு 2,400 அலகு, துணைக்கு டீசல் 2,500 கிலோவாட். மூன்று தீவுகளின் வீடும் கடையும் பள்ளிக்கூடமும் பங்குபோடும் பற்றரி அது. காற்றில்லாத இரவில் பற்றரி தீர்ந்தால் குளத்துச் சக்கரம் டீசலில்தான் சுழல வேண்டும்.

சோலார் தகடு விற்க வருபவர் நண்பகல் கணக்கைத்தான் காட்டுவார். அதிகாலை 3 மணிக்கு எத்தனை மோட்டர் ஓடும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுங்கள்.