மழைக்கு முந்தைய மூன்று மாதம்

புனேயில் கல்யாணப் பத்திரிகை வந்தால், நடக்கும் இடத்தின் பெயர் பல சமயம் ‘லான்ஸ்’ என்றுதான் முடியும். சென்னையில் ‘மகால்’ என்று சொல்வதுபோல இங்கே ‘லான்ஸ்’. மண்டபம் ஒரு ஓரமாக இருக்கும். வரவேற்பும் விருந்தும் அதை ஒட்டிய புல்தரையில் நடக்கும். சிங்ககட் சாலை, டி.பி. சாலை, முண்ட்வா என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பலகைகள் கண்ணில் படும். அந்தப் புல்லை வளர்த்து, வெட்டி, ஆயிரம் செருப்புகள் மிதித்த இடத்தை மறுபடி பச்சையாக்குகிறவரை மராத்தியில் ‘மாளி’ என்பார்கள். அவருக்கு வருமானம் வற்றும் மாதங்கள் உண்டு. அந்த மாதங்களை அவர் முன்பு எப்படிக் கடந்தார், இப்போது எப்படிக் கடக்கிறார் என்று பார்த்தால் இந்த ஊர் மாறிய விதமும் தெரிகிறது.

அமெரிக்காவின் வடபகுதியில் புல்வெட்டுகிறவருக்குக் குளிர்காலம்தான் கை ஓயும் காலம். பனி கொட்டியதும் வெட்டும் இயந்திரத்தை உள்ளே வைத்துவிட்டுப் பனி அள்ளப் போவார். வசந்தத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று பழைய வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போடுவார். புனேயின் கணக்கு வேறு. இங்கே ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது புல் வளர்ச்சி மந்தமாகும். ஆனாலும் தொழிலை உண்மையில் முடக்குவது மார்ச், ஏப்ரல், மே. வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்து வரும் மூன்று மாதம்.

இங்கே ‘பெர்முடா’ என்று விற்கப்படும் லான் புல் வேறு எதுவும் அல்ல, நம் அறுகம்புல்லின் இனம்தான். விநாயகர் சதுர்த்திக்கு 21 இதழ் கொண்ட கட்டாக மண்டையில், அதாவது புனேயின் பெரிய காய்கறிச் சந்தையில், ‘தூர்வா’ என்று விற்பதும் இதுவே. ‘அறுகுபோல் வேரோடி’ என்று நம் பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை. கோடையில் மேலே காய்ந்து வைக்கோலாகத் தெரிந்தாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும். பார்க்கிறவருக்கு அது தெரியாது. ‘புல்லே வளரவில்லை, எதற்குச் சம்பளம்?’ என்று கேட்பார். அன்றும் இன்றும் மாளியின் சிக்கல் இந்தக் கேள்விதான்.

பழைய நாளில் இந்தத் தொழிலுக்கு விளம்பரம் என்றால் ஒருவர் வாய்மொழிதான். அதன் உச்சத்தைக் காணப் புனேயின் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் ஃபுலேயின் குடும்பத்தைப் பார்க்கலாம். அவர் 1827இல் பிறந்தவர். அவருடைய முன்னோரின் குடும்பப் பெயர் கோர்ஹே. தந்தையும் அவருடைய சகோதரர்களும் கடைசிப் பேஷ்வாவின் அரண்மனைக்குப் பூ கொடுத்தார்கள். அந்த வேலையே பெயராக ஒட்டிக்கொண்டு ‘ஃபுலே’ ஆனது. செய்யும் தொழிலை ஊரே பெயராகச் சொல்லும்போது அந்தக் குடும்பத்துக்குப் பலகை எதற்கு?

அரண்மனை போய் ஆங்கிலேயரின் கன்டோன்மென்ட் வந்தது. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பக்கம் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் கம்பளியின் மேல்நூலை மழிக்கும் கருவியைப் பார்த்துப் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அதே 1830இல்தான் மேற்கு இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. புனேயின் எம்பிரஸ் கார்டனை இன்றும் நடத்துவது அந்தச் சங்கம்தான். ஜனவரியில், குடியரசு தினத்தை ஒட்டி, அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். பங்களாக்காரர்கள் தங்கள் தொட்டிகளைப் போட்டிக்கு அனுப்புவார்கள். பரிசு எஜமானர் பெயரில் வரும், ஆனால் அந்தத் தொட்டியை வளர்த்தது யார் கை என்று கேட்காமல் இருப்பார்களா? மாளியைப் பொறுத்தவரை அது ஊர் அறியத் தன் வேலையை வைத்துக் காட்டும் இடம். கோடை தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது அது நடப்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே தோன்றும்.

பிரபாத் சாலை, பண்டார்கர் சாலை பங்களாக்களில் மாதச் சம்பளத்துக்கு இருந்த மாளிக்குக் கோடை பெரிய பயம் இல்லை. தொட்டிகளுக்குக் காவி பூசுவார், எரு அள்ளுவார், வேலியைக் கத்தரிப்பார். வீட்டுக்கு வீடு சைக்கிளில் போய், கத்தரித்தால் கூலி என்று வாழ்ந்தவருக்குத்தான் அடி. அவர்களில் பலர் கோடையில் சொந்த ஊருக்குப் போய்விட்டு முதல் மழைக்குத் திரும்பினார்கள். திரும்பி வரும்போது அதே வீடு தனக்காகக் காத்திருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களுடைய மூலதனம்.

அந்த பங்களாக்கள் பல இன்று அடுக்குமாடிகள். மகர்பட்டாவில் ஏறக்குறைய 120 விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை விற்றுவிடாமல் ஒன்றாகச் சேர்த்து, 400 ஏக்கருக்கு மேல் ஒரு நகரத்தையே எழுப்பின. கரும்பு விளைந்த மண்ணில் இப்போது புல்தரைகள். ஹிஞ்சவாடியில் கணினி நிறுவனங்களின் வளாகங்கள். புல் ஒரு வீட்டம்மாவின் கையை விட்டு, சொசைட்டி கமிட்டியின், அதாவது குடியிருப்போர் சங்கத்தின், கைக்குப் போய்விட்டது. கமிட்டியின் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஆகவே அடுத்த ஆண்டின் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் பேசப்படுகிறது. புல் மங்கத் தொடங்கும் நேரத்தில்தான் அதைப் பராமரித்தவர் வேலை கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இதனால் ஆஃப் சீசன் என்பதன் பொருளே புரண்டுவிட்டது. அன்று அது காத்திருக்கும் காலம், இன்று ஆண்டு முழுவதற்குமான வேலையைப் பிடிக்கும் காலம். விவரம் தெரிந்தவர் போன ஆகஸ்டில் ஒரு படமும் அதற்கு முந்தைய மே மாதத்தில் ஒரு படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்து வைத்திருப்பார். இரண்டையும் வாட்ஸ்அப்பில் கமிட்டிச் செயலாளருக்கு அனுப்புவார். கூகுள் மேப்பில் நல்ல வார்த்தை எழுதச் சொல்லி மழைக்காலத்திலேயே கேட்டு வைத்திருப்பார், ஏனென்றால் மக்கள் மனம் நிறைந்து எழுதுவது பச்சையைப் பார்க்கும்போதுதான்.

ஆனால் படம் ஆளை உள்ளே அழைத்துவரும், அவ்வளவே. வேலையை வாங்கித் தருவது கோடையில் என்ன செய்வேன் என்று மாதம் மாதமாகச் சொல்லத் தெரிவதுதான். புனேயின் கரிசல் மண் காய்ந்தால் இறுகிப் பாளமாகும். அதை முள்கரண்டியால் குத்திக் காற்றோட்டம் தரவேண்டும். செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து மெல்லப் பரப்பவேண்டும். கோரைக் கிழங்குகளை மழைக்கு முன்பே தோண்டி எடுக்காவிட்டால் ஜூலையில் அறுகைவிடக் கோரை உயரமாக நிற்கும். வெட்டும் உயரத்தைக் கூட்டிவைத்தால் வேருக்கு நிழல் கிடைக்கும். வளராத புல்லுக்கு இத்தனை வேலை இருப்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தவரைக் கமிட்டி மறப்பதில்லை.

அதிலும் முக்கியம் தண்ணீர்க் கணக்கு. 2016இல் மராட்டியம் கடும் வறட்சியில் இருந்தபோது, ஏப்ரல் 30க்குப் பிறகான ஐபிஎல் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகும்படி மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. புனே அணி விசாகப்பட்டினத்துக்குப் போனது. குடிக்கத் தண்ணீர் இல்லாத மாநிலத்தில் ஆடுகளத்துக்குத் தண்ணீரா என்பதே அன்றைய கேள்வி. ஒவ்வொரு கோடையிலும் டேங்கருக்குப் பணம் கட்டும் சொசைட்டியில் அதே கேள்வி எழுகிறது. ‘மே வரை பழுப்பாகவே விட்டுவிடுவோம், வாரம் ஒருமுறை சுத்திகரித்த கழிவுநீர் போதும், நிழல் விழும் மூலையில் புல்லே வேண்டாம்’ என்று வாய்திறந்து சொல்லும் மாளியைத்தான் நான் நம்புவேன். அப்படிச் சொன்னால் அவருக்கு உடனடி வருமானம் குறையும். ஆனால் அந்த வார்த்தை அடுத்த சொசைட்டிக்கு, அதற்கு அடுத்ததற்கு என்று தானாகப் போகும். அந்த மட்டில் பழைய வாய்மொழி இன்னும் சாகவில்லை. இதே மாதங்களில் பிளாஸ்டிக் புல் விற்பவரும் கதவைத் தட்டுகிறார். ஏப்ரல் வெயிலில் அதன்மேல் வெறுங்காலோடு ஒரு குழந்தை நின்றால் கால் சுடும். அதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இனி அந்தக் கல்யாண லான்களுக்கு வருவோம். அவற்றின் ஓய்வுக்காலம் மாளியின் ஓய்வுக்காலத்துக்கு நேர் எதிர். ஆஷாட ஏகாதசியில் சாதுர்மாசம் தொடங்கினால், மராத்திக் குடும்பங்களில் கார்த்திகை ஏகாதசிக்குப் பிறகு துளசி விவாகம் முடியும்வரை கல்யாண முகூர்த்தம் வைப்பதில்லை. நான்கு மாதம் லான் காலி. அதில் பெரும்பகுதி மழைக்காலம், புல் தானாகவே எழும் காலம். ஏப்ரல், மே முகூர்த்தங்களில் பந்தல் கால் ஊன்றிய குழிகளும், சமையல் கூடாரத்தின் எண்ணெய்த் திட்டுகளும், மேடைக்கு அடியில் வெளுத்த சதுரங்களும் அப்போதுதான் சரியாகும். ஆகவே கோடையில் சொசைட்டி வேலை சுருங்கும்போது லான்காரரிடம் தினசரித் தண்ணீரும் ஒட்டுவேலையும் கிடைக்கும். மழையில் சொசைட்டி, லான் இரண்டும் கிடைக்கும். இரு வகை வாடிக்கையாளரையும் பிடித்து வைத்திருப்பவரின் நாள்காட்டியில் வெற்று மாதம் அநேகமாக இல்லை. இந்தப் பொருத்தத்தை இங்குள்ள மாளிகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை, ஊரின் பஞ்சாங்கம் சொல்லித் தந்தது.

சோலாப்பூர் சாலையில் லோணி காள்போர், உருளி காஞ்சன் பக்கம் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. மே கடைசியில் அங்கே போனால் சதுர அடிக் கணக்கில் விற்கும் கார்பெட் புல்லுக்கு முன்கூட்டியே பெயர் பதிந்துவைப்பவர்களைப் பார்க்கலாம். மார்ச்சில் பேசி முடித்தவர்கள் அவர்கள். முதல் மழை விழுந்த மறுநாள் மற்றவர்கள் போன் செய்வார்கள். அப்போது மாளியின் கையில் ஜூலை பாதிவரை நாள் இருக்காது.