மலைக் குளிரும் இதயப் புழுவும்



கொடைக்கானலில் நாய் வளர்ப்பவர்களிடம், கொசுவால் பரவும் இதயப் புழுவைப் பற்றிப் பேச்செடுத்தால், "இந்தக் குளிர்ல ஏதுங்க கொசு?" என்பார்கள். அதில் பாதி உண்மை. நோயுள்ள நாயின் ரத்தத்தோடு கொசுவுக்குள் போகும் குட்டிப் புழு, அடுத்த நாய்க்குத் தொற்றும் பருவத்தை எட்ட வெப்பம் வேண்டும். சுமார் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த வளர்ச்சி நின்றுவிடும். 27 டிகிரியில் இரண்டு வாரத்தில் முடிகிற வளர்ச்சி, 18 டிகிரியில் ஒரு மாதம் இழுக்கும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், தை மாத இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் ஏரிக்கரையில் இது நல்ல காவல்தான்.

மீதிப் பாதிதான் என் கவலை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வீட்டு நாயும் வண்டியேறி வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ இறங்குகிறது. மே மாதம் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் நாய்கள் மேலே வருகின்றன. இடையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்களில் கொடைக்கானல் குளிர் கிடையாது. அங்கே மூடாத டிரம்மிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

கடிபட்ட நாயின் உடம்பில் இளம்புழு சில மாதங்கள் பயணித்து இதயத்தையும் நுரையீரல் தமனிகளையும் அடைகிறது. பெண்புழு ஒரு அடி வரை வளரும், வேகவைத்த சேமியா போல வெளுத்திருக்கும், ஐந்தாறு ஆண்டு வாழும். முதலில் வறட்டு இருமல். பிறகு, வழக்கமாக ஏறுகிற மேட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிடும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

தடுப்பது எளிது. மாதம் ஒரு மாத்திரை. அது முந்தைய மாதம் உள்ளே புகுந்த இளம்புழுக்களைக் கொல்கிறது. அதனால் கீழே போய்வந்த நாய்க்குத் திரும்பிய ஒரு மாதத்துக்குள் கொடுத்தாலும் பலன் உண்டு. போக்குவரத்து அதிகமென்றால் ஆண்டு முழுவதும் கொடுப்பதே சரி. இதில் பரவலாக உள்ள மருந்து ஐவர்மெக்டின். அதைக் கண்டறிந்த கேம்ப்பெலும் ஓமுராவும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கைகூப்பிக் கேட்கிறேன், மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போடாதீர்கள். இதயப் புழுத் தடுப்புக்கு வேண்டியது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 20 கிலோ நாய்க்கு 120. ஒரு சதவீத மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கை எந்தச் சிரிஞ்சில் அளப்பீர்கள்? கோலி இனத்தில் பல நாய்களுக்கு மரபிலேயே இந்த மருந்தின் அதிக அளவு ஆகாது. வலிப்பு வந்து சாகலாம்.

மாத்திரை தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை அவசியம். இந்தியாவில் இதயப் புழு அதிகம் பதிவாகியிருப்பது அசாம், மிசோரம் பக்கம். தென்னாட்டில் கூடுதலாகக் காணப்படுவது அதன் பங்காளியான டைரோஃபைலேரியா ரீபென்ஸ். அது தோலுக்கடியில் வாழும். மனிதருக்கும் தொற்றும், கேரளத்திலும் இலங்கையிலும் மனிதக் கண்ணிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். இரண்டின் குட்டிகளும் ரத்தச் சிலைடில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே 'புழு இருக்கு' என்றதும் பதறாமல், இதயப் புழுவுக்கான ஆன்டிஜன் சோதனையையும் கேளுங்கள்.

உறுதியானால் சிகிச்சை நீண்டது. நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின், அதோடு தடுப்பு மாத்திரை. பிறகு இடுப்புத் தசையில் ஆழமாக மூன்று மெலார்சொமின் ஊசி, கடைசி இரண்டும் அடுத்தடுத்த நாளில். அது ஆர்சனிக் கலந்த மருந்து. செத்த புழுத் துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாயில் அடைக்கும். அந்த நேரத்தில் நாய் ஓடினால் உயிருக்கே ஆபத்து. சரிவும் படியுமான மலைவீட்டில் இதுதான் கடினம். நோய் தெரிந்த நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் வரை சங்கிலியில், சமதளத்தில், ஒன்றுக்குப் போக மட்டும் வெளியே விடுங்கள். கடைசி ஊசி போட்ட ஒன்பதாம் மாதம் மறுபடி ஆன்டிஜன் சோதனை செய்து, புழு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.