வீட்டிற்கு ஏற்ற பிரிண்டர் எது?

அச்சிடல், ஸ்கேன் செய்தல், நகலெடுத்தல் மூன்றையும் செய்யும் பிரிண்டரை வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள், கருவியின் விலைக்கு முன் மையின் விலையைக் கேட்டறியுமாறு பரிந்துரைக்கிறோம்.

கார்ட்ரிட்ஜ் வகை மலிவானதுதான். ஆயினும் 900 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 180 பக்கங்களே தருமானால், பக்கம் ஒன்றுக்கு 5 ரூபாய் ஆகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையே மேல்! மை டேங்க் வகைக்கு முதலில் கூடுதலாகச் செலவிட வேண்டும். ஆனால் ஒரு புட்டி கறுப்பு மை சில ஆயிரம் பக்கங்களுக்கு வரும். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு இதுவே ஏற்றது.

மாதத்திற்கு இரண்டு, மூன்று பக்கங்களே அச்சிடுவோரின் நிலை வேறு. நெடுநாள் பயன்படுத்தாவிடில் மை உலர்ந்து அச்சுமுனை அடைபடும். அதனைத் தூய்மை செய்யவும் மையே செலவாகும். இவர்களுக்குக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் பொருந்தும். அதன் டோனர் தூள் வடிவில் இருப்பதால் உலர்வதில்லை.

ஸ்கேனர் கண்ணாடித் தளம் உடையதாக இருத்தல் வேண்டும். பாஸ்புக்கையோ நைந்துபோன கிரயப் பத்திரத்தையோ தாள் இழுக்கும் அமைப்பில் செலுத்த இயலாது. ஆவணங்களுக்கு 300 டிபிஐ போதுமானது. அதனை மிகுத்தால் கோப்பின் அளவு பெருகி, இணையவழி விண்ணப்பங்களில் பதிவேற்ற இயலாமற் போகலாம்.

தவணை முறையில் வாங்குவோர், 'வட்டியில்லாத் தவணை' என்று அறிவித்திருப்பினும், செயலாக்கக் கட்டணத்தையும் அதன் மீதான ஜிஎஸ்டியையும், ரொக்கமாகச் செலுத்தினால் கிடைக்கும் தள்ளுபடியையும் முன்னதாகவே கேட்டறியவும்.