விலாசம் யாருடையது?

"ஆச்சி, போன மாசம் வலது கண்ணுல புரை எடுத்தீங்கள்ல, அந்த க்ளைம்ல இன்னும் பதினெட்டாயிரம் உங்களுக்கு வரணும்." காரைக்குடி செக்காலையில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு வந்த போன் இது. பேசியவன் கேட்ட ஓடிபி-யை வாசிக்கக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அகப்படவில்லை, பணம் தப்பித்தது. "வலது கண்ணுங்கறது வரைக்கும் அவனுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

ஆச்சியின் பாலிசி எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஊரறிந்த வழக்கைப் பார்ப்போம். சென்னையில் தலைமையகம் உள்ள ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட்களில் கிடைப்பதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயர், போன் நம்பர், பான், மருத்துவ அறிக்கை என்று எல்லாமே. சென்ஸென் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஹேக்கர், தன்னிடம் 3.1 கோடிப் பேரின் விவரம் இருப்பதாகச் சொன்னான். கம்பெனியிடம் 68,000 டாலர் கேட்கப்பட்டது. பாதுகாப்பு அதிகாரியே தனக்கு விற்றார் என்றான் அவன். தங்கள் விசாரணையில் அவர் மீது தவறேதும் தெரியவில்லை என்றது கம்பெனி. டெலிகிராம் மீதும் கிளவுட்ஃபிளேர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

திருடன் வாய்ச்சொல் சாட்சியமாகாது. ஆனால் இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும் பாலிசிக்காரருக்கு என்ன?

அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? செட்டிநாட்டில் இந்தக் கேள்வி புதிதில்லை. ரங்கூன் கடையில் இருந்தவர் மேலாள். முதலாளி இங்கே இருந்தார். பணச்சீட்டான உண்டியலில் மேலாள் கையெழுத்துப் போட்டது முதலாளியின் விலாசத்தில், அதாவது கடைப்பெயரில். தப்பு மேலாள் மேலா, பெட்டியடிப் பையன் மேலா என்பதைக் கடைக்குள் விசாரித்துக்கொள்ளலாம். உண்டியலோடு வந்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது விலாசக்காரர்.

இன்றைய சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43ஏ: நம் அந்தரங்க விவரத்தை வைத்திருக்கும் கம்பெனி தக்க பாதுகாப்பு செய்யாமல் அலட்சியமாக இருந்து, அதனால் நமக்கு நட்டம் வந்தால், ஈடு தர வேண்டும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பவர் மாநில ஐ.டி. துறைச் செயலாளர். அந்த நாற்காலியிலிருந்துதான் 2010-ல், போலி மின்னஞ்சலில் பணம் இழந்த அபுதாபி வாழ் தமிழருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவு போனது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்ற வங்கியின் வாதம் எடுபடவில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி வரை அபராதம். கேட்கக் காதுக்கு இனிமை. ஆனால் அது போய்ச் சேர்வது அரசு கஜானாவுக்கு. 2025 நவம்பரில் வந்த அறிவிக்கைப்படி 18 மாதம் கழித்து 43ஏ பிரிவே நீக்கப்படுகிறது. விவரம் கசிந்தால் கம்பெனி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அப்போது நடைமுறைக்கு வரும். ஈடு கேட்கும் அந்தப் பழைய கதவு மூடிவிடும். எனக்கு இது நல்ல பண்டமாற்றாகப் படவில்லை.

பணம் போயிருந்தால் உடனே சைபர் உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், யோசிக்க நேரமில்லை. போகாவிட்டாலும் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். உங்கள் பான் மீது யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று சிபில் அறிக்கையில் தெரியும். ஆண்டுக்கொரு முறை இலவசம். சேவைக் குறைபாடு என்று சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எதற்கும் முதல் தாள், கம்பெனிக்கு நீங்கள் எழுதும் கடிதம்: என் விவரத்தில் எது கசிந்தது, எப்போது, யார் கையில் இருந்தபோது?

ஆச்சிக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பினோம். ஒப்புகை திரும்பி வந்ததும், மாமனார் காலத்து ரங்கூன் பேரேட்டுக்குள் அதைச் செருகி வைத்தார். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.